தமிழ்நாட்டில் உழைப்பவர் யார், கணக்கில் வருபவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள். வேலையின்மை மிகக் குறைவு என்கிறார் ஒருவர். படித்த பிள்ளைகள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள், செய்தியாளர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், தொழிற்சங்கத்தினர் எல்லோருக்குமாக இந்தக் கேள்வி பதில்கள்.

தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 7.21 கோடி. அதில் வேலை செய்பவர்கள் ஏறத்தாழ 3.29 கோடி, அதாவது 45.6 சதவீதம். இந்திய அளவில் இது 39.8 சதவீதம். ஆண்களில் 59.3 சதவீதத்தினரும் பெண்களில் 31.8 சதவீதத்தினரும் வேலை செய்வதாகப் பதிவானது. நாடு முழுவதற்குமான எண்கள் ஆண்கள் 53.3, பெண்கள் 25.5.

ஓர் எச்சரிக்கை. கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லோரையும் சேர்த்து வகுத்து வந்த விகிதம் இது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் தொழிலாளர் கணக்கெடுப்பு எண்களோ பெரும்பாலும் 15 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் கணக்கில் கொண்டவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஏறிவிட்டது", "இறங்கிவிட்டது" என்று எழுதுவது தவறு. பத்திரிகைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

இன்னும் ஏன் 2011 எண்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

வேறு வழியில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், அதன் பிறகும் தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூனில் வந்த அறிவிக்கையின்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1.

இடைப்பட்ட காலத்துக்கு நம் கையில் இருப்பது 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. இது மாதிரிக் கணக்கெடுப்பு. தேர்ந்தெடுத்த சில குடும்பங்களிடம் மட்டும் கேட்டு மாநிலத்துக்கான மதிப்பீட்டைத் தருவது. மாநில அளவில் அது பயன்படும். கயத்தாறு ஒன்றியத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கூடலூரில் எத்தனை பேர் என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. ஊர் வாரியான விவரம் வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் வர வேண்டும். 2011-இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று வேலைக்குப் போகும் வயதில் நிற்கிறது. ஆனால் ஊராட்சிக்கான திட்டங்கள் இன்னும் அந்தப் பழைய எண்களின் மேல்தான் தீட்டப்படுகின்றன. இது சின்னக் குறை அல்ல.

தொழிலாளர் பங்கேற்பு விகிதம், வேலையின்மை விகிதம்: என்ன வேறுபாடு?

ஒரு கிராமத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் ஏதோ ஒரு வேலை செய்கிறார்கள். 4 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 36 பேர் படிக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், அல்லது முடியாமல் இருக்கிறார்கள். வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த 64 பேர்தான் தொழிலாளர் படை. எனவே பங்கேற்பு விகிதம் 64 சதவீதம். வேலையின்மை விகிதமோ நூறுக்கு நான்கு அல்ல, 64-க்கு நான்கு, அதாவது 6.25 சதவீதம்.

அடுத்த ஆண்டு, தேடித்தேடி அலுத்துப்போன மூன்று பேர் தேடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். யாருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. ஆனால் வேலையின்மை விகிதம் 61-க்கு ஒன்று, அதாவது 1.6 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது! பங்கேற்பு விகிதத்தைச் சேர்த்துப் பார்க்காமல் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்து மகிழ்வதற்கோ திட்டுவதற்கோ பொருள் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

வேலையின்மை மூன்று, நான்கு சதவீதம்தான் என்றால், குரூப் 4 தேர்வுக்கு ஏன் இத்தனை கூட்டம்?

நியாயமான கேள்வி. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வுக்குப் பொறியியல் படித்தவர்களும் முதுகலை படித்தவர்களும் அமர்ந்தார்கள். அதே ஆண்டை ஒட்டி நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம் என்று அரசின் கணக்கெடுப்பு சொன்னது.

வேலையில்லாமல் இருப்பதற்கும் காசு வேண்டும். அன்றாடம் சம்பாதித்து உலை வைக்கும் குடும்பத்தில் யாரும் வேலையில்லாமல் இருக்க முடியாது. சித்தாள் வேலையோ, சுமை தூக்குவதோ, பிரியாணிக் கடையில் மேசை துடைப்பதோ, கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். அவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். வாராந்திர அளவுகோலின்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான்.

இப்போது ஒரு பட்டதாரிப் பையனைப் பாருங்கள். காலையில் அப்பாவின் மளிகைக் கடையைத் திறந்து பதினோரு மணி வரை பொட்டலம் மடிக்கிறான். பிறகு நூலகத்துக்குப் போய் இரவு வரை தேர்வுக்குப் படிக்கிறான். சம்பளம் எதுவும் இல்லை. அவனைக் கேட்டால் "வேலை கிடைக்கவில்லை" என்பான். கணக்கெடுப்பில் அவன் குடும்பத் தொழிலில் உதவியாளர். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தேர்வுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22-இல் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இவ்வளவு பேரைப் படிக்க வைத்த மாநிலத்தில், படிப்புக்கேற்ற வேலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பிரச்சினையின் மையம் இங்கேதான் இருக்கிறது. வேலையின்மை விகிதத்தில் தேடினால் அது கண்ணில் படாது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருப்பவர்கள் எல்லோரும் வேலையில்லாதவர்களா?

இல்லை. தனியார் வேலையில் இருப்பவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் அதில் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவதும் உண்டு. அந்த எண்ணிக்கையை வேலையின்மைக்கு அளவாகக் கொள்ளக் கூடாது.

வீட்டில் இருக்கும் பெண் வேலை செய்பவரா, இல்லையா?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு கிராமத்து வீட்டில் கணக்கெடுப்பாளர் போய் நிற்கிறார். "அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள்?" என்கிறார். "நான் சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்கிறார் அவர். படிவத்தில் "வீட்டு வேலை" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். கொஞ்சம் நின்று கேட்டால் கதை வேறு. அந்த அம்மா விடியும் முன்பே எழுந்து தொழுவத்தில் சாணி அள்ளுகிறார், இரண்டு பசுவைக் கறக்கிறார், தூக்குவாளியில் பாலை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய் வரிசையில் நின்று அளந்து ஊற்றுகிறார், வரும் வழியில் வரப்பில் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்புகிறார். சொசைட்டி அட்டை மட்டும் கணவர் பெயரில் இருக்கிறது. பணம் அவர் கணக்கில் ஏறுகிறது. கணக்கெடுப்பில் கணவர் "பால் உற்பத்தியாளர்" ஆகிறார். மனைவி "வேலை செய்யாதவர்" ஆகிறார்.

விதிகளின்படி அந்த அம்மா வேலை செய்பவர்தான். மாடு வளர்ப்பதும் பால் கறப்பதும், வீட்டுக்கே செலவானாலும்கூட, பொருளாதாரச் செயல்பாடு. குடும்பத்து நிலத்தில் கூலி இல்லாமல் களை எடுப்பதும் அப்படியே. 1991 கணக்கெடுப்பிலேயே "கூலியில்லாமல் குடும்ப நிலத்திலோ தொழிலிலோ செய்யும் வேலை உட்பட" என்று கேள்வியோடு சேர்த்துவிட்டார்கள். விதியில் இடம் கிடைத்தும், கேட்கும் முறையிலும் சொல்லும் முறையிலும் அவர் விடுபட்டுப் போகிறார்.

விதியே விட்டுவிடும் வேலைகளும் இருக்கின்றன. சமைப்பது, துவைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது எதுவும் கணக்கில் வராது. வீட்டுக்கு இட்லி மாவு அரைத்தால் வேலை இல்லை. அதே மாவை அடுத்த வீட்டுக்கு விற்றால் வேலை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று கேட்பவர்கள் இந்த 289 நிமிடத்திலிருந்து தொடங்கட்டும்.

பெண்களின் பங்கேற்பு வேகமாக ஏறியிருக்கிறது என்கிறார்களே, நல்ல செய்திதானே?

முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம். ஆனால் எந்த வேலையில் ஏறியது என்று பார்க்க வேண்டும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்ற வகையில் இருப்பவர்கள் இதே காலத்தில் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதமாகிவிட்டார்கள். இதில் பாதிக்கும் மேல் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர்கள். மேலே சொன்ன பால்காரம்மாவைக் கணக்கெடுப்பாளர் இப்போது சரியாக எழுதத் தொடங்கியிருந்தால் அது மகிழ்ச்சிக்குரியது. கொரோனாவுக்குப் பிறகு கணவனின் வருமானம் போதாமல் பெண்கள் வயலுக்கும் பெட்டிக்கடைக்கும் இறங்கியிருந்தால் அது நெருக்கடியின் அடையாளம். இரண்டும் கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். மாதச் சம்பள வேலை பெருகி வந்த ஏற்றம் அல்ல இது என்பதில் மட்டும் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் தொழிற்சாலைகளில் இத்தனை பெண்கள் எப்படி?

நாட்டிலேயே பதிவுபெற்ற தொழிற்சாலைகள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. 2019-20 தொழிற்சாலைகள் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண் தொழிலாளர்கள் ஏறக்குறைய 16 லட்சம் பேர். அவர்களில் 43 சதவீதத்தினர், அதாவது 6.8 லட்சம் பேர், தமிழ்நாட்டில் இருந்தார்கள். திருப்பூர் பின்னலாடை, திண்டுக்கல், கோவை வட்டார நூற்பாலைகள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் காலணி, செய்யாறு விளையாட்டுக் காலணி, சிவகாசி தீப்பெட்டியும் பட்டாசும், இப்போது ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்பேசி ஆலைகள் என்று இந்தப் பட்டியல் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது.

காரணம் ஒன்றல்ல. பெண் பிள்ளைகளைப் பத்தாவது, பன்னிரண்டாவது வரை படிக்க வைத்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் அந்தப் படிப்புக்குத் துணை நின்றது. கிராமம் வரை போகும் பஸ் இருந்தது. சிற்றூரையும் தொழில் நகரத்தையும் பிரிக்கும் தூரம் இங்கே குறைவு; காலையில் கம்பெனி வேனில் போய் இரவு திரும்பிவிடலாம். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் பூ விற்கும் பெண்ணும் மாதம் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தினார்கள். எட்டாயிரம், பத்தாயிரம் சம்பாதிப்பவருக்கு அது பெரிய தொகை. இரவுப் பணிக்குப் பெண்களைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்ததும் ஒரு வாசலைத் திறந்தது.

அப்படியானால் திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்?

ஆலைகள் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள், திருமணமாகாத பெண்களைத்தான் தேடுகின்றன. விரல்கள் வேகமாக ஓடும், கேள்வி கேட்க மாட்டார்கள், விடுதியில் தங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. 2000-களில் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நடந்தது இந்தக் கணக்கின் கொடிய வடிவம். மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதில் திருமணத்தை முடித்துக்கொள்ளலாம் என்று தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். வெளியே போக அனுமதி இல்லை. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் தொகை இல்லை. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் போராடிய பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இன்று விடுதிகளின் தரம் பல இடங்களில் மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், விடுதிச் சாப்பாடு கெட்டுப் பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் சாலையில் அமர்ந்தார்கள்; கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு அன்று உடைந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் விடுதிக் குடியிருப்பு திறக்கப்பட்டது.

விடுதியோடு அக்கறை முடிந்துவிடுகிறது. திருமணமாகி முதல் பிள்ளை பிறந்ததும் அந்தப் பெண்ணுக்கு ஆலையில் இடமில்லை. தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் 26 வார விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. எத்தனை காப்பறைகளில் தொட்டில் ஆடுகிறது, எத்தனை அறைகளில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள் என்பதை ஆலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் வெளியேறும் பெண் முப்பத்தைந்து வயதில் திரும்பி வரும்போது, மாதச் சம்பளமும் வைப்புநிதியும் உள்ள வேலை அவருக்குக் கிடைப்பதில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைப்பது, செக்கிங், பிசிறு வெட்டுவது என்று விளிம்பில் ஒட்டிக்கொள்கிறார். மாநிலம் விடுதி கட்டுவதில் காட்டிய வேகத்தில் பாதியைக் குழந்தைகள் காப்பகத்தில் காட்டியிருந்தால் பங்கேற்பு விகிதம் தானாக ஏறியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

12 மணி நேர வேலைச் சட்டம் இப்போது இருக்கிறதா?

இல்லை. ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடம் தரும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. திருப்பூரில் "ஒன்றரை ஷிஃப்ட்" என்ற பெயரில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை வேலை செய்வது சட்டத்துக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

விவசாயத்தில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2001-இல் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுபவர்கள் 51 லட்சம் பேர். 2011-இல் 42 லட்சமாகக் குறைந்தார்கள். அதே பத்து ஆண்டில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். நிலத்தை விட்டவர்களில் ஒரு பகுதியினர் நகரத்துக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள்.

தஞ்சை, திருவாரூர் பக்கம் அறுவடை முழுக்க இயந்திரத்திடம் போய்விட்டது. ஆண்கள் கட்டட வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, நடவும் களையெடுப்பும் பெண்களிடம் நின்றன. பத்துப் பதினைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு பக்கத்து ஊர்களுக்கும் போய் நட்டுவிட்டு வருகிறார்கள். நடவு இயந்திரமும் வந்துகொண்டிருக்கிறது. அது முழுதாக வந்தபின் இந்தப் பெண்களுக்கு என்ன வேலை என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

இந்திய அளவில் ஒரு வியப்பு: விவசாயத்தில் இருப்போர் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம் வரை இறங்கி, 2023-24-இல் 46.1 சதவீதமாகத் திரும்ப ஏறியது. நாடு வளரும்போது மக்கள் வயலை விட்டு வெளியேறுவார்கள் என்பது பாடநூல் விதி. இங்கே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நூறு நாள் வேலையால்தான் விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா?

டீக்கடைகளில் அதிகம் கேட்கும் குற்றச்சாட்டு இது. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பெண்கள் செய்தவை. வயதானவர்களும் கணவனை இழந்தவர்களும் அதில் ஏராளம். வெயிலில் நாள் முழுக்க நடவு நட முடியாத அறுபது வயதுப் பெண்ணை, வயலுக்கு வராமல் ஏமாற்றுபவராகப் பேசுவது நியாயமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் கிராமத்தில் முதன்முதலில் நடைமுறையாக்கியது இந்தத் திட்டம்தான். பண்ணையார் சொன்ன கூலிக்கு மறுப்புச் சொல்லும் தெம்பும் அதில் வந்தது. எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

2006-இல் தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் இது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டம், செலவில் மாநிலங்களின் பங்கைக் கூட்டியிருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் தருகிறது. மறுப்புச் சொல்லும் அந்தத் தெம்பு தேவைப்படுவதே அந்த 60 நாட்களில்தான்.

படிப்பில் முன்னால் நிற்கும் கன்னியாகுமரியில் பெண்கள் வேலைக்குப் போவது ஏன் குறைவு?

2011-இல் எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம் கன்னியாகுமரி. வேலை செய்யும் பெண்களின் விகிதத்திலோ கடைசி வரிசை. பக்கத்துக் கேரளத்திலும் 18.2 சதவீதம்தான்.

படிப்பறிவில்லாத ஏழைப் பெண் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. குடும்பம் கொஞ்சம் நிமிர்ந்ததும் பெண்ணை வயலிலிருந்து வீட்டுக்கு அழைத்துவிடுகிறார்கள், அது கௌரவம். நன்றாகப் படித்தவர் கூலி வேலைக்குப் போக மாட்டார், ஆசிரியர், செவிலியர், அலுவலக வேலைக்குக் காத்திருப்பார். உள்ளூரில் அந்த வேலைகள் போதிய அளவில் இருந்தால் விகிதம் மறுபடி ஏறும். கிளாடியா கோல்டின் பல நாடுகளின் தரவுகளில் இந்த இறங்கி ஏறும் வளைவைக் காட்டினார். பெண்களின் உழைப்புச் சந்தையைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2023-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. குமரி அந்த வளைவின் அடிப்பள்ளத்தில் நிற்கிறது. மேலே ஏற்றிவிடும் வேலைகள் மாவட்டத்துக்குள் வரவில்லை. படித்த பெண்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள்.

வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் "வீட்டுத் தொழில்" என்ற வகையில். 2011-இல் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கு சதவீதத்தினர் இந்த வகையில் இருந்தார்கள்.

தென்காசி, திருநெல்வேலி ஊர்களில் மதிய நேரம் தெருவில் நடந்தால் பார்க்கலாம். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். தகட்டை வைத்து இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குகிறார்கள். கண் பிள்ளையைப் பார்க்கிறது, விரல் நிற்பதில்லை. கம்பெனி தரும் இலையில் ஓட்டையும் பழுப்பும் இருந்தால் ஆயிரம் எண்ணிக்கை தேறாது. குறையும் இலையைக் கைக்காசு போட்டு வாங்கிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கடையில் கழித்துப் போடும் பீடிக்குக் கூலி கிடையாது. 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்றது, வைப்புநிதியும் உண்டு. ஆனால் பாஸ் புத்தகம் உள்ளவருக்குத்தான் அது. ஒருவர் பெயரில் உள்ள புத்தகத்தில் வீட்டில் மூன்று பெண்கள் சுற்றினால், மற்ற இருவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களின் வேலையைப் பறிக்கிறார்களா?

மாநிலத் தொழிலாளர் துறை 2016-இல் எடுத்த கணக்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம் பேர். இன்று அதைவிட அதிகம் இருப்பார்கள் என்பது தெருவில் நடக்கும் யாருக்கும் தெரியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டம், நாமக்கல் கோழிப்பண்ணை, திருப்பூர் சாயப்பட்டறை, சென்னை மெட்ரோ என்று அவர்கள் இல்லாத இடம் இல்லை.

பறிப்பு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். பிறப்பு விகிதம் குறைந்து இளைஞர்களின் எண்ணிக்கையும் சுருங்குகிறது. தகரக் கொட்டகையில் தங்கிப் பன்னிரண்டு மணி நேரம் செய்யும் வேலைக்கு உள்ளூர் ஆள் வருவதில்லை. முதலாளிக்கும் தங்கும் இடத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், சங்கம் சேராத ஆள்தான் வசதி. ஆகவே கூலி உயர வேண்டிய இடங்களில் உயராமல் நிற்பது உண்மை. அதற்குப் பொறுப்பாளி பீகாரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டு வந்த பையன் அல்ல. 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தைப் பெயரளவில் வைத்திருந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் இவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, பலர் பயந்து ஊருக்குக் கிளம்பியபோது, திருப்பூரில் ஆலை முதலாளிகளே முன்வந்து நம்பிக்கை சொல்ல வேண்டியிருந்தது.

வயதானவர்கள் வேலை செய்வது கூடுமா?

கூடும். மாநில மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011-இல் பத்தில் ஒருவர். 2031-இல் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. ஓய்வூதியம் உள்ளவர்கள் சிறுபான்மையினர். ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவரின் வயதைக் கேட்டுப் பாருங்கள்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் நலவாரியங்கள் இருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994-இலும் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இலும் வாரியங்கள் வந்தன. கல்வி உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் உரிமை கேட்கும் நாளில் அலைய வேண்டியிருக்கும். அட்டை வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2027-இல் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், வீட்டிலுள்ள பெண்களின் வேலையைப் பற்றி அவர்களே பதில் சொல்லட்டும். "அவளா, வீட்டில்தான் இருக்கிறாள்" என்று ஆண்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

கடந்த ஆண்டு முழுவதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். 2011 முறைப்படி ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவென்றால் குறுகிய காலத் தொழிலாளர். தூத்துக்குடி உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். கணக்கெடுப்பாளர் வரும் நாளில் வேலை இல்லை என்பதற்காக "வேலை இல்லை" என்று சொல்லிவிட்டால், வெயிலில் உப்பு வாரிய மாதங்கள் எல்லாம் காணாமல் போய்விடும்.

ஆடு, மாடு, கோழி, குடும்ப நிலத்தில் களை, கடையில் உட்காருவது, பீடி, பூக் கட்டுவது, ஊதுபத்தி உருட்டுவது, தையல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூலி வரவில்லை என்றாலும் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளர் அவசரப்பட்டால் "எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.